ஐபிசி-610 தேர்வு: புத்தகம் கையில் இருந்தும் திணறிய கதை

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போர்டு அசெம்ப்ளி கம்பெனியில் நான்கு வருடம் லைன் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த பிறகுதான் ஐபிசி-ஏ-610 தேர்வுக்குத் தயாரானேன். எலக்ட்ரானிக் போர்டில் எது ஏற்கத்தக்கது, எது குறை என்று சொல்லும் தர விதிப் புத்தகம்தான் ஐபிசி-ஏ-610. தினமும் சால்டர் ஜாயின்ட்டோடு (பாகங்களைப் போர்டில் பற்றவைத்த இணைப்பு) மல்லுக்கட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா என்ற நினைப்பு. பயிற்சித் தேர்வில் 70 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தேர்ச்சிக்கு வேண்டியதே அவ்வளவுதான்.

காலை வாரியது என் அனுபவம்தான். ஒரு கேள்வியில் சிப் ரெசிஸ்டர் பேடிலிருந்து (அது ஒட்ட வேண்டிய உலோகத் திட்டு) பக்கவாட்டில் 40 சதவீதம் வெளியே நின்றது. யோசிக்காமல் ரிஜெக்ட் போட்டேன். கேள்வியின் முதல் வரியிலேயே கிளாஸ் 2 என்று இருந்தது! போர்டு எவ்வளவு நம்பகமாக இயங்க வேண்டும் என்பதை வைத்துப் பிரித்த மூன்று வகைகள்தான் கிளாஸ்; 3தான் மிகக் கடுமையானது. கிளாஸ் 1, 2 இரண்டிலும் சிப்பின் அகலம், பேடின் அகலம் இவற்றில் எது குறைவோ அதில் பாதி வரை தள்ளி நிற்கலாம். கிளாஸ் 3 என்றால் கால் பங்குதான். நான் பார்த்ததெல்லாம் மருத்துவக் கருவி போர்டுகள், எல்லாம் கிளாஸ் 3. கண் அதற்கே பழகிவிட்டது. அதே சிப் நீளவாக்கில் பேடைத் தாண்டிப் போனால் கதை வேறு. எந்த கிளாஸிலும் அது டிஃபெக்ட். ஆகவே படத்தைப் பார்ப்பதற்கு முன் எந்த கிளாஸ் என்று பாருங்கள். எனக்குப் பாதி மதிப்பெண் போனது இதில்தான்.

அடுத்தது பளபளப்பு. ஈயம் கலந்த சால்டரில் கை பழகியவர்களுக்கு மின்னுகிற ஜாயின்ட்தான் நல்ல ஜாயின்ட். ஈயமில்லாத எஸ்ஏசி305 ஆறும்போது மங்கலாக, சொரசொரப்பாக நிற்கும். அது அதன் குணம். சால்டர் பேடிலும் பாகத்தின் காலிலும் நன்றாகப் பரவி ஒட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் அதை கோல்டு சால்டர் (சரியாக உருகி ஒட்டாத ஜாயின்ட்) என்று ரீவொர்க்குக்கு அனுப்பி, தேவையில்லாமல் போர்டைச் சூடாக்க வைத்த நாட்களும் உண்டு.

அப்புறம், ‘ப்ராசஸ் இண்டிகேட்டர்’ என்ற வகையை விட்டுவிடாதீர்கள். போர்டை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் லைனில் ஏதோ பிசகுகிறது என்று காட்டும் குறி அது. நல்லது, கெட்டது என்று இரண்டாகவே பிரித்துப் பழகியவர்களுக்கு இது லேசில் பிடிபடாது.

புத்தகத்தைப் பார்த்து எழுதும் பகுதி உண்டு என்றதும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அதுவும் தப்பு. பக்கம் தேடியே நேரம் போய்விடும். அளவுகளை உருப்போடுவதைவிட எது எங்கே இருக்கிறது என்று பழகுங்கள். ஓட்டையில் கால் இறங்கும் பாகங்கள் 7ஆம் அத்தியாயம், போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் எஸ்எம்டி பாகங்கள் 8ஆம் அத்தியாயம். நான் இரண்டு வாரம் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, ஏதாவது ஒரு குறையை நினைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் அதன் அட்டவணையை எடுக்க முடிகிறதா என்று பார்ப்பேன். அசல் தேர்வில் கைகொடுத்தது அதுதான்.

சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். என்னுடையது இந்தப் புத்தகத்தின் முந்தைய எச் பதிப்பில் வாங்கியது. இப்போது 2024இல் வந்த ஜே பதிப்பை வைத்துக்கொண்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.