மானின் முதுகில் ஏறித் தப்பிய மருமகன்

நேற்று இரவு, நான் செய்கிற வீடியோ கேமில், அக்காவின் மகன் ஒரு மானின் முதுகில் ஏறி நின்று, நான் மூன்று கிழமையாக மினக்கெட்டுக் கட்டிய ஒருவழிப் பாதையை உடைத்துவிட்டான். கோபத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

கேமின் கதை ஒரு வரிதான். அம்மம்மா திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலில் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டார். கரண்ட் இல்லாத இரவில் பேரன் கோட்டை வாசலால் நுழைந்து, மேலே போய் அதை எடுத்து வரவேண்டும். கொடோ 4 என்ற கேம் செய்கிற மென்பொருளில் செய்கிறேன், முப்பரிமாண மொடல்கள் எல்லாம் பிளெண்டர் மென்பொருளில். இது மூன்றாவது முறை.

முதல் முறை அந்தப் பிரெட்ரிக் கோட்டை முழுவதையும் திறந்தே விட்டேன், எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று. ஒரு மாதம் மரம் நட்டதுதான் மிச்சம். விளையாடிப் பார்த்த நாலு பேரில் ஒருவராவது கோயில் பக்கம் போகவில்லை. மருமகன் இருபது நிமிடம் மான் துரத்தி, மதிலால் கடலுக்குள் விழுந்து, சாப்பிடப் போய்விட்டான். இரண்டாவது முறை எதிர்ப்பக்கம் சாய்ந்து, றோட்டின் இரு கரையிலும் கண்ணுக்குத் தெரியாத சுவர் வைத்தேன். அங்கே புல் தெரிகிறது, மான் மேய்கிறது, போனால் காற்றில் முட்டுகிறது. கூட்டாளி ஒருவன் கொன்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, "மச்சான், இது கேமா, கியூவா?" என்று கேட்டான்.

நேர்பாதை என்றாலே கேம் கெட்டது என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. 2009இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 13 கேமில் ஒடுக்கமான ஒரே பாதையால் ஓடவிட்டார்கள் என்று எல்லோரும் திட்டினார்கள். பதினோராவது அத்தியாயத்தில்தான் வெட்டவெளி திறந்தது. ஆனால் 2004இல் வந்த ஹாஃப்-லைஃப் 2உம் ஒரே பாதைதான். அதில் வழியை நாமே கண்டுபிடித்த மாதிரி இருக்கும். திறந்த உலகத்துக்கு எல்லோரும் உதாரணம் காட்டுகிற பிரெத் ஆஃப் த வைல்ட் (2017) கூட, தொடக்கத்தில் நம்மை ஒரு மேட்டுநிலத்தில்தான் விடுகிறது. சுற்றிவர மலைவிளிம்பு, பறக்கும் துணி கையில் கிடைக்கும்வரை இறங்க முடியாது. அதுவும் அடைப்புத்தான், ஆனால் மலை அடைக்கிறது, மறைந்த சுவர் அல்ல.

இது எங்கள் ஊர்க்காரருக்குப் புதிதும் இல்லை. கோட்டை வாசலால் போனால் கோயிலுக்கு ஒரே றோட்டு. மான்கள் வந்து கையை மணந்து பார்க்கும், ஏற்றம் வரும், கடைகள் வரும், செருப்பைக் கழற்றுவோம், கோயிலடியில் கடலோரப் பாறைப் பிளவான இராவணன் வெட்டை எட்டிப் பார்த்ததும் கால் கூசும். சின்ன வயதில் இருந்து போகிறேன், வேறு வழி இல்லையே என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உண்மையான றோட்டில் மரங்களுக்கு இடையால் கடல் அங்கங்கே தெரியும். கேமில் அதை முழுக்க மறைத்து, வெட்டடியில்தான் திறக்கிறேன். வந்தவன் எந்தப் பக்கத்தால் வருவான் என்று தெரியாவிட்டால் எதை மறைப்பது, எங்கே காட்டுவது?

சரி, ஒரே பாதை என்று முடிவானது. அதற்குப் பிறகு மூன்று கிழமையும் போனது ஒரே ஒரு இடத்தில்: பாதியில் வருகிற இடிந்த மதில். அதால் குதித்தால் திரும்பி ஏற முடியக்கூடாது. ஏனென்றால் அதற்குப் பிந்திய இடங்களை ஏற்றும்போது முந்தியவற்றை நினைவகத்தில் இருந்து எடுத்துவிடுகிறேன். என் லாப்டொப் இரண்டையும் சேர்த்துத் தாங்காது.

உயரம்தான் முழுப் பிரச்சினை. முதலில் 3 மீட்டர் வைத்தேன். ஒருவரும் குதிக்கவில்லை. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, செத்துவிடுவோம் என்று வேறு வழி தேடித் திரும்பினார்கள். ஒன்றரை மீட்டரில் பயமில்லாமல் குதித்தார்கள், ஆனால் கீழே ஒரு கல்லில் ஏறித் திரும்பியும் வந்தார்கள். 2 மீட்டர் சரியாக வந்தது. கீழே கொஞ்சம் மணல், மணலில் ஒரு பழைய காலடித் தடம். அந்தத் தடத்தை வைத்த பிறகு ஒருவரும் யோசிக்கவில்லை, முன்னுக்கு ஒருவன் குதித்திருக்கிறான்தானே. இதை நானே கண்டுபிடித்தேன் என்று கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

பேரன் பாய்கிற உயரம் 1.1 மீட்டர். மானின் முதுகு 0.9. கூட்டிப் பாருங்கள். நான் கூட்டிப் பார்க்கவில்லை, மருமகன் பார்த்தான்.

மானின் மோதல் உருவத்தை, அதாவது ஆள் முட்டி நிற்பதற்கு வைக்கிற மறைந்த உருவத்தை, எடுத்துவிட்டால் ஆள் மானுக்குள்ளால் நடக்கிறான், பார்க்கச் சகிக்காது. மானை மதிலடிக்கு வரவிடாமல் தடுத்துப் பார்த்தேன். எல்லா மானும் ஒரு கோட்டில் நின்று மதிலையே பார்த்துக்கொண்டிருந்தன, ஏதோ ஊர்வலத்துக்கு நிற்கிற மாதிரி. கடைசியில் விடிய இரண்டு மணிக்கு ஒவ்வொரு மானின் முதுகிலும் கண்ணுக்குத் தெரியாத கூம்பு ஒன்றை வைத்தேன். கொடோவில் 45 பாகைக்கு மேல் சரிவாக இருந்தால் அதைத் தரை என்று எடுக்காது, சுவர் என்றுதான் எடுக்கும். கூம்பு 60 பாகை. கால் பட்டதும் ஆள் வழுக்கி விழுகிறான், தரையில் இல்லாததால் பாயவும் முடியாது. மறைந்த சுவரைத் திட்டிவிட்டு மறைந்த தொப்பி வைத்திருக்கிறாயே என்று கேட்பீர்கள். மான் முதுகில் வழுக்குவது நியாயம்தானே.

இன்னொரு வினையும் இருந்தது. டோர்ச் எடுக்காமல் குதித்தவன் இருட்டில் மாட்டிக்கொள்வான், திரும்பவும் வழியில்லை. ஒருவழிக் கதவு வைக்கிற எல்லோரும் ஒருதரமாவது இதில் விழுவார்கள். டோர்ச்சைத் தேநீர்க் கடை மேசையில் இருந்து எடுத்து, மதிலின் விளிம்பிலேயே எரிந்தபடி வைத்துவிட்டேன். இனி அதைத் தாண்டிக்கொண்டு குதிக்க வேண்டுமென்றால் வேணுமென்றே செய்ய வேண்டும்.

இடையில் கொன்ரோலரால் இரண்டு நாள் வீண். கொழும்பில் இருந்து பாவித்த ஒன்றை எடுத்தேன், பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். பேரன் தானாகவே இடப்பக்கம் நகர்ந்தான். கோட் முழுக்கத் துருவினேன், பிழையே இல்லை. பார்த்தால் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. விற்றவருக்கு எடுத்துச் சொன்னால், "அண்ணா, உங்கட கேமிலதான் பிழையா இருக்கும்" என்கிறார். ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கணக்கெடுக்காமல் விடுகிற டெட்சோனை 0.25க்கு ஏற்றிச் சமாளிக்கிறேன். பாவித்தது வாங்குகிறவர்கள் இரண்டு ஸ்டிக்கையும் சுற்றிப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

இந்த லெவல் முடியவே இல்லை, அதற்குள் மனம் கன்னியாவுக்குப் போய்விட்டது. ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு, எதில் முதலில் அள்ளுவது என்பது உங்கள் விருப்பம். நேர்பாதையின் நடுவில் அப்படி ஒரு முற்றம் வைத்தால் நன்றாக இருக்கும். ஆனால் நீராவிக்கு இந்த லாப்டொப் என்ன சொல்லுமோ.

இன்று ரியூஷன் முடிந்து மருமகன் வந்தான். கூம்பு வைத்த மானில் மூன்று தரம் வழுக்கினான். "மானில ஏறுறதை எடுத்திட்டீங்களா மாமா? கேமில அதுதானே நல்ல இடம்" என்றான், உண்மையிலேயே முகம் வாடி.

அதனால் ஒரேயொரு மானில் இருந்து கூம்பைக் கழற்றப் போகிறேன். குதித்த இடத்தில் இருந்து தள்ளி, 2 மீட்டர் உயரத்தில் ஒரு திட்டி, அதன்மேல் ஒரு மாங்காய். மாங்காய் மொடல் முடிந்தது. திட்டிக்குப் பின்பக்கம் இன்னும் மோதல் உருவம் போடவில்லை, இப்போதைக்கு அதால் விழுந்தால் கடல்தான்.