இடுப்பு மூட்டு மாற்று: ரோபோவா, வழக்கமான அறுவையா?

"ரோபோ வச்சுப் பண்ணினா சீக்கிரம் நடக்கலாமாமே?" கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

ரோபோவின் பலம் துல்லியம். இடுப்புக் குழியில் வைக்கும் செயற்கைக் கிண்ணத்தை (தொடையெலும்பின் பந்து சுழலும் இடம்) 40 டிகிரி சாய்வு, 15 டிகிரி முன்திருப்பம் (கிண்ணம் முன்பக்கம் பார்க்கும் அளவு), இரண்டிலும் 10 டிகிரி கூடக்குறைய பொருத்துவதுதான் நெடுநாள் இலக்கு. அதை ரோபோ நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் ஆபரேஷன் நேரம் கூடலாம். ரோபோவுக்காக இடுப்பெலும்பில் உலோக ஊசி (pin) இறக்கிய இடம் சில நாள் வலிக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நடையில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. இதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பேன்.

எப்படிச் செய்தாலும் அதே நாளோ மறுநாளோ வாக்கரோடு எழுப்பிவிடுவார்கள். பின்பக்கமாகத் திறந்திருந்தால் 6 முதல் 12 வாரம் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம்.

நம் வீடுகளில் ஆபத்தே தாழ்வான இருக்கைகள்தான். தரையில் சாப்பாடு, குனிந்து கோலம், இந்தியன் டாய்லெட், ஷேர் ஆட்டோ எதுவும் கூடாது. உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டிலும் மேலே உயரம் கூட்டும் இருக்கை போடுங்கள்.

மாடிப்படி ஏற நல்ல கால் முதலில், இறங்க ஆபரேஷன் கால் முதலில்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை, வலி போனதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது 35 நாள் வரைகூட இருக்கும். டாக்டர் சொன்ன நாள்வரை போடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.