ஒரே நோட்டில் இரண்டு பேர் கணக்கு

லண்டன் வந்து ஒரு வருஷம் முடிவதற்குள் ஓட்டுப் போட்டேன். இந்திய பாஸ்போர்ட்காரனுக்கு இங்கே ஓட்டா என்று முதலில் நம்பவில்லை. காமன்வெல்த் நாட்டுக்காரர் விசாவோடு குடியிருந்தாலே பதிவு செய்யலாமாம். 2024 ஜூலை 4 அன்று அதே பாஸ்போர்ட்டைக் காட்டி லேபர் கட்சிக்குப் போட்டேன். தொழிற்சங்கங்கள் முன்னின்று 1900-இல் உருவாக்கிய கட்சி, பெயரிலேயே உழைப்பு இருக்கிறது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மனைவிக்கு நர்ஸ் வேலை. அவள் விசாவில் வந்த நான் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனின் மளிகைக் கடையில் நின்றேன்.

2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டிலிருந்து 12.21 ஆனது. அதே மாதம் கடைகளுக்கான பிசினஸ் ரேட் (வியாபாரக் கட்டட வரி) சலுகை 75 சதவீதத்திலிருந்து 40-ஆக இறங்கியது. கால் பங்கு வரி கட்டிக்கொண்டிருந்தவர் 60 சதவீதம் கட்ட வேண்டி வந்தது. ஒரு ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு அண்ணன் நோட்டை விரித்தார்.

"தம்பி, உன்னை நிப்பாட்ட எனக்கு மனமில்லை. கிழமைக்கு ஆறு மணித்தியாலம் குறைப்பம். அந்த நேரம் நான் நிக்கிறன்."

வாரம் 40 மணி நேரத்துக்கு 457 பவுண்டு வாங்கியவன், 34 மணி நேரத்துக்கு 415 வாங்கினேன். அப்புறம் அவர் கையில் மிஞ்சுவதை அவர் நிற்கும் நேரத்தால் வகுத்துப் பார்த்தோம். என் கூலியைவிடக் குறைவு. கடைக்காரருக்குக் குறைந்தபட்சக் கூலி என்று எந்தச் சட்டமும் இல்லை.

கூலியை உயர்த்தியது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதன் சுமையைச் சின்னக் கடை தாங்குமா என்று பார்க்காமல் அதே மாதம் சலுகையையும் வெட்டியதுதான் தவறு. கட்சிகள் தொழிலாளியைச் சங்கம் வழியாகப் பார்க்கின்றன. வியாபாரியைப் பெரிய நிறுவனங்கள் வழியாகப் பார்க்கின்றன. எங்கள் கடையில் சங்கமும் இல்லை, அண்ணனுக்காக அமைச்சரிடம் பேச ஆளும் இல்லை. 33.7 சதவீத ஓட்டிலேயே லேபருக்கு 411 இடத்தோடு ஆட்சி கிடைத்த தேர்தல் முறையில், எங்களைத் தேடி வர வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

இங்கே எம்.பி.க்கள் தொகுதி மக்களைச் சந்திப்பதை 'சர்ஜரி' என்கிறார்கள். நாங்கள் இருவரும் அந்த நோட்டோடு போனோம். தொழிலாளி குறையா, கடைக்காரர் குறையா, எப்படிப் பதிவது என்று அங்கிருந்த உதவியாளர் கேட்டார். இரண்டு பேர் பெயரையும் ஒரே தாளில் எழுதச் சொன்னோம்.