ஐம்பதாம் வருஷம் தீர்த்தமலைக்கு

அப்பாவுக்கு அறுபது நிறைந்த வருஷம் பாட்டி தவறிவிட்டார். சஷ்டியப்தபூர்த்தி நின்றுபோனது. எழுபதுக்குப் பீமரத சாந்தியாவது செய்துவிடலாம் என்று அண்ணன் திருக்கடையூரில் விசாரித்து வைத்தான். அது 2021. கொரோனா இரண்டாம் அலையில் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. அதுவும் போயிற்று.

அதனால் இந்தத் தையோடு இருவருக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறைகிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் மூன்று பேரும் பிடிவாதமாக நின்றோம். அரூரில் மண்டபம், இரண்டு வேளைச் சாப்பாடு, நாதஸ்வரம் என்று அண்ணன் பட்டியலே போட்டுவிட்டான். அம்மா களி கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். களியை உருண்டை பிடித்து அப்பாவின் தட்டில் வைத்துவிட்டு, ஈரக் கையோடு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அறுபதுக்கு ஒண்ணு, எழுபதுக்கு ஒண்ணு, எண்பதுக்குச் சதாபிஷேகம். எல்லாம் உங்கப்பா வயசுக்குத்தானே? கல்யாணத்துக்கு அம்பதுன்னா அதுக்கு என்ன சாங்கியம்?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது சரிதான். இந்தச் சாந்திகள் எல்லாமே ஆணின் வயதைத்தான் எண்ணுகின்றன. இரண்டு பேர் சேர்ந்து குடித்தனம் நடத்திய வருஷங்களை எண்ணுவதற்கென்று தனியாக ஒன்று இல்லை.

"கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவை தீர்த்தமலைக்குப் போனோம். அங்க கூட்டிட்டுப் போங்க. அது போதும்" என்றாள்.

அரூரிலிருந்து தீர்த்தமலை சுமார் 16 கிலோமீட்டர். எங்கள் ஊரிலிருந்து இன்னும் பக்கம். தோட்டத்தில் நின்றால் மலை தெரியும். ஆனாலும் அவர்கள் இன்னொரு முறை போகவே இல்லை. மாடு கறக்க ஆள் இருக்காது, கடலை பிடுங்க வேண்டும், புளி உலுக்க வேண்டும், எங்களுக்குப் பரீட்சை, அப்புறம் பேரப் பிள்ளைகள், அப்புறம் முழங்கால் வலி. தினமும் கண்ணில் படுகிற சாமியிடம் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தோன்றிவிடுகிறது போலிருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை எதுவும் கையில் இல்லை. அப்பாவின் கணக்கு வேறு. "கலைஞர் ஆட்சியைக் கலைச்சாங்களே, அதுக்கு அடுத்த வாரம்" என்பார். ஆட்சி கலைக்கப்பட்டது 1976 ஜனவரி 31. அப்படிப் பார்த்தால் பிப்ரவரி முதல் வாரம், ராட்சச வருஷத்துத் தை, வளர்பிறை. அப்போது அம்மாவுக்குப் பத்தொன்பது வயது, அப்பாவுக்கு இருபத்தைந்து.

இருவர் ஊரும் அன்றைக்குத் தர்மபுரி மாவட்டம்தான். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அம்மாவின் ஊத்தங்கரைப் பக்கம் அங்கே போய்விட்டது. அதிலிருந்து அம்மா கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பினால், "வேற மாவட்டத்துக்குப் போறா, எப்ப வருவாளோ" என்பார் அப்பா. மூன்றாம் நாள் அவரே பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்துவிடுவார்.

தை மாதத்துப் பனியில் ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது. அண்ணன் குடும்பம் ஓசூரிலிருந்தும் நாங்கள் கிருஷ்ணகிரியிலிருந்தும் முதல் நாளே வந்துவிட்டோம். தங்கை குடும்பமும் வந்திருந்தது. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, கைத்தடியோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் முதலில் தென்பெண்ணைக் கரையில் இருக்கிற அனுமன் தீர்த்தத்தில் குளித்துவிட்டுப் போவது முறை. ராமர் சிவபூஜைக்கு நீர் கொண்டுவர அனுமனைக் காசிக்கு அனுப்பினாராம். வர நேரமாகவே மலைப்பாறையில் அம்பு விட்டார்; தீர்த்தம் பொங்கியது, பூஜையும் முடிந்தது. பிறகு வந்து சேர்ந்த அனுமன், கொண்டுவந்த நீரை மனம் நொந்து வீசி எறிந்தார். அது விழுந்த இடம்தான் அனுமன் தீர்த்தம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் நேரம் கடந்து வந்த நீரைப் பெரியவர்கள் தள்ளிவிடாமல், முதலில் அதில் குளித்துவிட்டு மலைக்குப் போ என்று வைத்திருக்கிறார்கள் என்பது இந்த முறைதான் எனக்கு உறைத்தது. அறுபதும் எழுபதும் தவறிப்போன பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அம்மா படித்துறையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டாள். அவளுக்கு இந்த ஆறு பிறந்த வீட்டுச் சொந்தம் மாதிரி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியபோது மாமா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அன்று இரவெல்லாம் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் படுக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் அந்த வேனில் இரண்டு நாளாகப் பேசாமல்தான் வந்தோம். நண்பர் ஒருவரின் கடனுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். பத்தொன்பது வருஷக் குடித்தனம், கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன். கேட்கவில்லை என்பதுதான் வலி. அந்த வலியோடுதான் அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டு மலை ஏறினேன்.

தீர்த்தமலை அடிவாரத்திலும் கோயில் இருக்கிறது. ஏற முடியாதவர்கள் அங்கேயே கும்பிட்டுக்கொள்ளலாம். அத்தை அங்கே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவையும் உட்காரச் சொன்னோம். அவள் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, "மேல போகத்தானே வந்தேன்" என்று எழுந்துவிட்டாள்.

சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

அப்பா எப்போதும் பத்தடி முன்னால் நடப்பார். சந்தைக்கு, கல்யாண வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்கே போனாலும் அப்படித்தான். சின்ன வயதில் எனக்கு அது கோபமாக வரும். அம்மா கையில் என்னையும் தங்கையையும் பிடித்துக்கொண்டு வேகு வேகென்று பின்னால் ஓடுவாள். நான் கட்டிக்கொள்கிறவன் என் பக்கத்தில் நடக்க வேண்டும் என்று அப்போதே மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

மலையிலும் அப்பா முன்னால்தான் போனார். ஆனால் இந்த முறை நான் அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நடந்ததால் சிலது கண்ணில் பட்டது. ஆடுகிற கல் இருந்தால் காலால் அழுத்திப் பார்த்து ஓரமாகத் தள்ளுகிறார். குரங்கு உட்கார்ந்திருந்தால் துண்டை வீசி விரட்டுகிறார். நிழலான படி வந்தால் நின்று, அவிழாத துண்டை அவிழ்த்துத் திரும்பத் தலையில் கட்டுகிறார். அம்மா வந்து சேர்ந்து மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் அந்தத் துண்டு கட்டி முடிகிறதில்லை. அவள் மூச்சு அடங்கியதும், "இந்தா, போலாமா?" என்பார். திரும்பிப் பார்ப்பதே இல்லை. காதாலேயே தெரிந்துகொள்கிறார்.

"முன்னாடியே போறாரேம்மா, உனக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன்.

"அவர் கால் வச்ச இடத்துல நான் வைக்கிறேன். அதுல என்ன கஷ்டம்?"

பாதி வழியில் அப்பா இடுப்பு மடியிலிருந்து நெல்லிக்காய்களை எடுத்தார். அடிவாரத்தில் வாங்கியிருக்கிறார்; யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் இல்லை. ஒரு காயைப் படியில் வைத்து, துண்டு முனையால் மூடி, கல்லால் ஒரே தட்டு. கொட்டையை நீக்கிவிட்டு, பேப்பரில் மடித்து வைத்திருந்த உப்பில் தொட்டு அவள் உள்ளங்கையில் வைத்தார். தகடூர் மண்ணில் பிறந்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அண்ணன் மகள், "தாத்தா, அதியமான் ஔவைக்குக் கொடுத்த மாதிரியே இருக்கு" என்று கைதட்டினாள்.

"அது ஆயுசுக்குக் கொடுத்தது சாமி. இது நாக்கு வறட்சிக்கு" என்றார் அப்பா.

அந்த உப்பை எப்போது மடித்து எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த என் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். பேசவில்லைதான், ஆனால் வாங்கிக் குடித்தேன்.

வாழைப்பழப் பையைக் குரங்கு பறித்துக்கொண்டு போனது தனிக் கதை. நல்லவேளையாகத் தேங்காய் அண்ணன் கையில் இருந்தது.

மேலே போனதும் முதலில் ராமர் தீர்த்தம். உயரமான பாறையிலிருந்து நீர் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. கோடையிலும் வற்றாது என்பார்கள். குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று மற்றவையும் மலையிலேயே இருக்கின்றன. அருணகிரிநாதர் வந்து பாடிய தலம் இது. பாறையடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் காற்று வீசும்போதெல்லாம் நீர் சிதறி மழைச்சாரல் போல முகத்தில் விழுகிறது. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றாள். அந்தக் குளிரில் அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. வெளியே வந்ததும் அப்பா தன் தலையில் கட்டியிருந்த துண்டைப் பிழிந்து நீட்டினார். அதுவும் ஈரம்தான். அவள் அதிலேயே முகம் துடைத்துக்கொண்டாள்.

தீர்த்தகிரீஸ்வரருக்கு அபிஷேகம் முடிந்து, வடிவாம்பிகை சந்நிதிக்கு வந்தோம். அம்பிகை தவமிருந்து ஈசனிடம் பாதி உடம்பைப் பெற்ற இடம் என்று இந்தத் தலத்தைச் சொல்கிறார்கள். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த புது மஞ்சள் கயிற்றை எடுத்தாள். இது எங்கள் யாருடைய திட்டத்திலும் இல்லை. குருக்கள் அதை வாங்கி அம்பாள் பாதத்தில் வைத்து, அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று மங்கல்தான். கயிற்றை அம்மாவின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். முடிச்சு மட்டும் பிடிபடவில்லை. விரல் நடுங்கியது. முதல் முடிச்சு விழுந்தது. மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியது. 1976-ல் அத்தைதான் போட்டாள். அவள் அடிவாரத்தில் இருக்கிறாள். தங்கை போகப் பார்த்தாள். அண்ணன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். அம்மா தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் நின்றாள். இரண்டாவது முடிச்சு. மூன்றாவது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை, சந்நிதியில் ஒருவரும் பேசவில்லை. அப்பா குங்குமத்தை எடுத்து அவள் வகிட்டில் வைத்தபோது பாதி மூக்கின் மேல் கொட்டியது.

பிராகாரத்தில் வெயில் காய்ந்தபடி அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பதில்தான் வரும் என்று நினைத்தேன். மஞ்சள் குங்குமத்தோடு முதலில் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ஆடி வெள்ளிக்கும் தை வெள்ளிக்கும் அம்மாவின் வேண்டுதல். எனக்குத் தெரிந்து அது மாறியதில்லை.

"முன்னெல்லாம் அதைத்தான் வேண்டுவேன்" என்றாள். "இப்ப வேண்டறதில்ல. ரெண்டு வருஷமா விட்டுட்டேன்."

"ஏம்மா?"

"நான் போயிட்டா அவருக்கு யாரு மாத்திரை எடுத்துக் கொடுப்பா? வெள்ளை மாத்திரை ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது அவருக்கு. நான் பிரஷர் மாத்திரை போடற வரைக்கும் அவர் சுகர் மாத்திரையைக் கையிலயே வச்சிட்டு உக்காந்திருப்பாரு. நான் இல்லன்னா அப்படியே வச்சிட்டு உக்காந்திருக்க மாட்டாரா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அதுக்காக அவர் முன்னாடி போகணும்னு எந்த வாயால கேக்கறது? யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு அவளே பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன். இன்னைக்கு ஒண்ணும் கேக்கல. சும்மா நின்னு பாத்துட்டு வந்தேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. தூரத்தில் என் வீட்டுக்காரர் அப்பாவின் செருப்பிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்தக் கடன் பேப்பரை வீட்டுக்குப் போனதும் காட்டுங்க, நானும் படிக்கிறேன்" என்றேன். "சரி" என்றார்.

மதியம் புளிசாதம் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, நாலு மணிக்கு மேல் இறங்க ஆரம்பித்தோம். வெயில் சாயச் சாய அப்பாவின் மங்கல் கண் கூசத் தொடங்கியது. ஏறும்போது பார்த்து வைத்த கல் இறங்கும்போது தெரியவில்லை. அண்ணன் கையைப் பிடிக்கப் போனான், அவர் விடவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் அவருக்கு முன்னால் ஒரு படி கீழே போய் நின்றாள். அப்பாவின் கை அவள் தோளில் போய் உட்கார்ந்தது.

"படி" என்றாள். இறங்கினார். "படி." இறங்கினார். "கல்லு இருக்கு, வலப்பக்கம் வாங்க." வந்தார். "மண்ணு, வழுக்கும்." இப்படியே அடிவாரம் வரை. முழங்கால் வலிக்கிறது என்று அவள் ஒருமுறையும் சொல்லவில்லை. நாங்கள் யாரும் அவர்களைத் தாண்டிப் போகவில்லை.

கீழே அத்தை கோயில் வாசலிலேயே காத்திருந்தாள். அம்மாவின் கழுத்தில் புதுக் கயிற்றைப் பார்த்ததும் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து வந்தாள். "திரும்புங்க அண்ணி" என்று சொல்லிப் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என்னண்ணா முடிச்சு போட்டிருக்க? மூணும் லூசா இருக்கு."

மூன்றையும் ஒவ்வொன்றாக நகத்தால் பிடித்து இழுத்து இறுக்கினாள். அப்புறம் கயிற்று நுனி மிச்சம் இருந்ததைப் பார்த்து, அதற்கு மேலேயே இன்னொரு முடிச்சும் போட்டாள்.