பழைய வழக்கும் பொலிஸ் நற்சான்றிதழும்

வெளிநாடு போக பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் பலருக்குப் பழைய வழக்கு ஞாபகம் வரும். திருவிழாவில் நடந்த கைகலப்பு, வேலிச்சண்டை, குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடினது. "அது தண்டம் கட்டி முடிஞ்சுதுதானே" என்பார்கள் வீட்டில். குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் தண்டம் கட்டியிருந்தால் அது குற்றத்தீர்ப்பு. சிறு குற்றப் பதிவை இத்தனை வருடத்தில் அழித்துவிட வேண்டும் என்று சொல்லும் பொதுச்சட்டம் இலங்கையில் இல்லை. காசு தந்தால் பதிவை எடுத்துத் தருகிறேன் என்று வருபவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

முதலில் வழக்கேட்டைப் பாருங்கள். யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, எந்த நீதவான் நீதிமன்றத்தில் நடந்ததோ அங்கேயே சான்றுப்படுத்திய பிரதி கேட்க வேண்டும். ஆட்கள் தடுமாறுவது இலக்கத்தில்தான். பொலிஸ் தொடக்கத்தில் போட்ட பீ அறிக்கையின் இலக்கம் வேறு, குற்றப்பத்திரம் தாக்கலான பிறகு விழுந்த வழக்கு இலக்கம் வேறு. பழைய தண்டப்பணப் பற்றுச்சீட்டு இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

பிரதி கைக்கு வந்ததும் கடைசிப் பதிவை வாசியுங்கள். எல்லாம் அந்த இரண்டு மூன்று வரியில்தான் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவில் விடுவித்திருந்தால், குற்றம் நிரூபணமானது என்று கண்டும் நீதவான் குற்றத்தீர்ப்புக்குப் போகவில்லை என்று அர்த்தம். 266ஆம் பிரிவில் இரு தரப்பும் இணங்கித் தீர்த்திருந்தால் அது விடுதலைக்குச் சமம். இந்த இரண்டும் உங்களுக்குப் பெரிய பலம், ஆனால் அந்தக் கட்டளையின் பிரதி கையில் இருந்தால்தான்.

வழக்குத் தவணை நாளில் நீதிமன்றத்துக்குப் போகாமல் விட்டிருந்தால் பிடியாணை திறந்தபடியே கிடக்கலாம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்து அதை அறிவது கொடுமை. சட்டத்தரணி மூலம் நகர்த்தல் மனு (வழக்கை மீண்டும் எடுக்கக் கேட்கும் மனு) போட்டு வழக்கை அழைப்பித்து, நேரே முன்னிலையாகி, பிடியாணையை மீளப்பெறச் செய்ய வேண்டும். மீளப்பெற்ற கட்டளையின் பிரதியை எடுத்து, சம்பந்தப்பட்ட பொலிஸ் நிலையத்தில் அது பதிவாகியிருக்கிறதா என்றும் உறுதிசெய்யுங்கள். பலர் செய்யாமல் விடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

குற்றத்தீர்ப்பே பிழை என்றால் மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். அது கடந்தால் மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு இருக்கிறது. அதற்கு விசேட காரணமும் தாமதத்துக்கு விளக்கமும் காட்ட வேண்டும். ஒப்புக்கொண்ட வழக்கில் இது மிகவும் கஷ்டம். ஆகவே இன்று வழக்கு நடப்பவர்கள் "ஓம்" சொல்லித் தண்டம் கட்ட முன்னம், இணக்கத்துக்கோ 306க்கோ இடமிருக்கிறதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். அன்றைக்கு ஒரு தவணை கூடப் போகும், அவ்வளவுதான்.

கனடா விசாப் படிவம் கைதானீர்களா, குற்றம் சாட்டப்பட்டீர்களா என்றுகூடக் கேட்கும். 306இல் விடுபட்டவரும் "ஆம்" என்றுதான் போட வேண்டும், கட்டளைப் பிரதியை இணைத்து. மறைத்துப் பிடிபட்டால் 5 வருடத் தடை. குடிபோதையில் வாகனம் ஓட்டுவதை அங்கே 2018 டிசம்பர் 18 தொடக்கம் பாரிய குற்றமாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு செய்த குற்றத்துக்கு, காலம் போனால் தானாகத் தீரும் சலுகை கிடையாது. தண்டனை முடிந்து 5 வருடம் கழித்துப் புனர்வாழ்வுக்கு, அதாவது அந்தக் குற்றத்தால் வரும் நுழைவுத் தடையை நீக்கக் கேட்டு, கனடாவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று. வழக்கேட்டில் பழைய 9 இலக்க அடையாள அட்டையும் தமிழில் முதலெழுத்தோடு பெயரும் இருக்கும். கடவுச்சீட்டில் முழுப்பெயர் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டில் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்போடு சேர்த்து வையுங்கள்.