சுலைமானியே பள்ளிவாசலும் ஒரு தட்டு பீன்ஸும்

முதலில் டாக்சிக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. இஸ்தான்புல்லில் சுல்தானஹ்மெத்திலிருந்து சுலைமானியே பள்ளிவாசலுக்கு நடந்தாலே அரை மணி நேரம்தான். தூறல் என்று டாக்சி பிடித்தோம். கேட்காமலே மீட்டர் போட்டார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அப்புறம் கடலோரமாக ஒரு சுற்று, பாலத்துப் பக்கம் நெரிசலில் ஒரு தவம். இறங்கும்போது 450 லிரா! நம்மூர்க் கணக்கில் 900 ரூபாய்க்கு மேல். டிராமில் பெயாசித் நிறுத்தத்தில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்திருக்கலாம். அன்றைய பட்ஜெட் காலை பத்து மணிக்கே காலி.

அந்த எரிச்சலோடுதான் முற்றத்துக்குள் போனேன். நல்லவேளை, இங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. செருப்பைக் கழற்றி, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் நிமிர்ந்தால், 53 மீட்டர் உயரத்தில் கூம்பாமல் விரிந்து நிற்கிறது நடுக் குவிமாடம். டாக்சிக்காரரை அங்கேயே மறந்துவிட்டேன். 1550இல் தொடங்கி 1557இல் முடித்திருக்கிறார் உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினான், வெறும் ஏழே வருடம். இஸ்னிக் ஊரின் வண்ண ஓடுகளும் மிஹ்ராப், அதாவது மக்காவின் திசை காட்டும் மாடம், இருக்கும் சுவரில் மட்டும்தான். நீல மசூதியைவிட இதுதான் அழகு, யார் சண்டைக்கு வந்தாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அந்தக் காலத்தில் உள்ளே எரிந்ததெல்லாம் எண்ணெய் விளக்கு. புகை சுவரில் படியாமல், வாசலுக்கு மேலே உள்ள ஓர் அறைக்குப் போய்ச் சேரும்படி காற்றோட்டம் வைத்துக் கட்டினாராம் சினான். அங்கே படிந்த கரியைச் சுரண்டி எழுதுவதற்கு மை தயாரித்தார்களாம். விளக்குக் கரியில் கண்மை செய்யும் என் பாட்டி இதைக் கேட்டிருந்தால் சினானை மெச்சியிருப்பாள்.

லுஹர், அதாவது மதியத் தொழுகை, நேரம் நெருங்கியதும் பயணிகளை வெளியே அனுப்பினார்கள். பின்பக்கம் இதைக் கட்டவைத்த சுல்தான் சுலைமானும் அவர் மனைவி ஹுர்ரெமும் தனித்தனிக் கட்டடங்களில் அடங்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் மதிலோரம் நின்றால் கோல்டன் ஹார்ன் என்ற கடற்கழி முழுக்கக் கீழே தெரிகிறது. பாங்கு கேட்டபடி அங்கேயே நின்றோம்.

சரி, சாப்பாடு. எதிர்த் தெருவில் வரிசையாகக் குரு ஃபசுல்யே கடைகள். வெள்ளை பீன்ஸைத் தக்காளிக் குழம்பில் குழைய வேகவைத்து, பக்கத்தில் வெண்ணெய் மணக்கும் சோறும் ஊறுகாயும் தருகிறார்கள். ஒரு வாரமாக ரொட்டியே தின்ற நாக்குக்குச் சோற்றைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டும் பில் டாக்சிக் காசை எட்டவில்லை. சிலர் கறி சேர்த்துச் சமைப்பார்கள், சைவக்காரர்கள் 'எட்சிஸ்' (கறி இல்லாமல்) என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திறக்கும் நேரம், போகும் வழி என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன், பீன்ஸ் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் போகாதீர்கள், ஜும்மா முடிந்துதான் விடுவார்கள். திரும்பும்போது வடக்கு மூலையில் சினானின் கல்லறையைப் பாருங்கள். இவ்வளவு பெரிதாகக் கட்டியவருக்கு இத்தனூண்டு இடம், தேடாவிட்டால் தாண்டிப் போய்விடுவோம்.

வாசலில் இன்னொரு டாக்சிக்காரர் கையசைத்தார். சரிவில் நடந்தே கரையோர எமினோனு பகுதிக்கு இறங்கினோம். பதினைந்து நிமிடம், காலணா செலவில்லை.