தொட்டிச் சுவரில் ஒரு நுரைக்கூடு: மரத்தவளைகளோடு ஒன்பது வாரம்

போன வருஷ மாரியில் ரோட்டோரக் குட்டையில் கிடந்த தேரை முட்டைச் சரத்தைப் போத்தலில் அள்ளி வந்து, குழாய்த் தண்ணியை நேரே ஊற்றி வைத்தேன். மூன்றாம் நாள் எல்லாம் செத்துப் போயின. குளோரின் போட்ட தண்ணியை வாற்பேத்தைகள் தாங்காது என்று பிறகுதான் அறிந்தேன். அந்த மனவருத்தம் ஆறவில்லை. இனி எதையும் பிடித்து வருவதில்லை, தானாக வருவதைப் பார்ப்பது மட்டும் என்று முடிவெடுத்தேன்.

உவர்மலையில் எங்கள் கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறது. திருகோணமலையில் ஐப்பசி பிறக்கும் வரை மண் காய்ந்து கிடக்கும். முதல் பெருமழை பெய்த இரவு முழுக்க தொட்டிப் பக்கம் டொக் டொக் என்று சத்தம்.

ஒக்டோபர் 27. தண்ணி மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, உட்சுவரில் கைப்பிடியளவு வெள்ளை நுரை. சவர்க்கார நுரை என்று மனைவி கழுவப் போனார், நல்லவேளை தடுத்துவிட்டேன். மரத்தவளையின் கூடு அது. பெண் தவளை முட்டையோடு ஒரு வழுவழுப்பான திரவத்தை விட்டு, பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்குகிறது, நாம் முட்டையின் வெள்ளைக்கருவை அடிப்பது போல. வெளிப்பக்கம் காய்ந்து பொருக்குக் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும். தண்ணிக்குள் இருக்கும் மீனுக்கும் பூச்சிக்கும் முட்டை எட்டாது.

ஆறாம் நாள் நுரையின் அடிப்பக்கம் இளகியது. வாற்பேத்தைகள் ஒவ்வொன்றாக வழுகி நேரே தண்ணிக்குள் விழுந்தன. அறுபது வரை எண்ணினேன், அதற்கு மேல் முடியவில்லை. நிற்கிற தண்ணி என்றால் டெங்குப் பயம் இருக்கிறதே, அதனால் தொட்டிக்கு மேலே பழைய நுளம்பு வலையை இழுத்துக் கட்டினேன். சாப்பாட்டுக்குச் சுவரில் பிடித்திருந்த பாசி போதும், இடைக்கிடை அவித்த பசளி இலை.

நவம்பர் அப்படியே போனது. தின்றன, பெருத்தன.

டிசம்பரில்தான் விஷயமே. முதலில் பின்னங்கால்கள் முளைத்தன. முன்னங்கால்கள் தோலுக்குள்ளேயே வளர்ந்திருந்து ஒருநாள் திடீரென்று வெளியே வந்தன. இலை பாசி தின்கிற நீளமான சுருள் குடல், பூச்சி தின்கிற குட்டைக் குடலாக மாறும் காலம் இது. சின்ன வாய் அகன்ற வாயாகிறது. அந்த நாட்களில் அது ஒன்றும் தின்னாது, சுருங்குகிற வாலே அதற்கு உணவு. வால் அறுந்து விழுவதில்லை, உடம்புக்குள்ளேயே போய்விடுகிறது.

இங்கேதான் பிழை விட்டேன். செவுளை விட்டு நுரையீரலால் மூச்செடுக்கத் தொடங்கும் குஞ்சுக்கு ஏறி நிற்க இடம் வேண்டும். செங்குத்தான சீமெந்துச் சுவரில் அதற்கு இன்னும் ஏறத் தெரியாது. ஒரு காலையில் மூன்று குஞ்சுகள் மூழ்கிச் செத்து மிதந்தன. அன்றே ஒரு தென்னை மட்டையைச் சரிவாக இறக்கி வைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. அந்த மூன்றை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கால், குடல், வாய், மூச்சு எல்லாம் ஒரே சில நாட்களுக்குள், ஒன்றுக்கொன்று காத்திருந்து மாறுகின்றன. இதைத் தூண்டுவது தைரொயிட் சுரப்பி. 1912இல் குடெர்நாட்ஷ் என்பவர் வாற்பேத்தைகளுக்குத் தைரொயிட் இழையத்தை ஊட்டியபோது அவை நேரத்துக்கு முன்னரே தவளைகளாக மாறத் தொடங்கின. இதை வாசித்ததும் என் விசுவாசம் குறையவில்லை, கூடியது. எந்தச் சாவியால் கதவு திறக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். அந்தச் சாவியையும் கதவையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்தவர் ஆண்டவர் என்று நான் நம்புகிறேன். எங்கள் சபையிலேயே உயிர்கள் படிப்படியாக உருவானதை ஏற்பவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எப்படிச் செய்தார் என்பதில் பேச இடம் இருக்கிறது. ஞானமாய்ச் செய்தார் என்பதைத் தொட்டி ஓரத்தில் முழங்காலில் இருந்து பார்த்தவனிடம் யாரும் மறுக்க முடியாது.

மகன் ஒருநாள் கேட்டான், "அப்பா, எகிப்துக்குத் தண்டனையா வந்ததுதானே தவக்கை? அப்ப அது கூடாததுதானே?" ஞாயிறு பாடசாலையில் அவன் தவளையைக் கேள்விப்பட்டது அந்த ஒரு கதையில்தான். இரண்டு பேரும் யாத்திராகமம் 8ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தோம். அங்கே தவளை படுக்கையில் ஏறுகிறது, அடுப்புக்குள் போகிறது, மாப் பிசைகிற தொட்டிக்குள் கிடக்கிறது. மோசே பார்வோனிடம் சொல்கிறபோது, தவளைகள் நதியில் மட்டும் இருக்கும் என்கிறார். "பார் தம்பி, தவளை இருக்கக்கூடாது எண்டு சொல்லேல்லை. அதின்ர இடத்தில இருக்கட்டும் எண்டுதான் சொல்லியிருக்கு" என்றேன். தண்ணீர் நீந்தும் உயிர்களைத் திரளாகப் பிறப்பிக்கட்டும் என்று ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் சொல்லி, அதை நல்லதென்று கண்ட பிறகுதானே எகிப்து வருகிறது? அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வலையைத் தூக்கிப் பார்க்கப் போய்விட்டான்.

ஒரு குஞ்சு எறும்பு விழுங்குவதை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். விழுங்கும்போது கண்கள் இரண்டும் உள்ளே இறங்கின. அந்தக் கண்களே வாய்க்குள் அமுங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. மகன் பத்துத் தடவையாவது கண்ணை மூடி மூடிச் சோறு விழுங்கிப் பார்த்திருப்பான்.

டிசம்பர் 29. ஒன்பது வாரம். வலையை அவிழ்த்துவிட்டேன். இருபத்து மூன்று குஞ்சுகள் மட்டையில் ஏறி வாழைப் பக்கம் போனதை எண்ணினோம். ஒன்று மட்டும் தொட்டி விளிம்பில் பொழுதுபடும் வரை இருந்தது. மழை தூறத் தொடங்கியதும் அதுவும் தாவிவிட்டது.